தீவுக்குப் போய் வண்டி எடுப்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இப்போது ரெண்டு மூன்று குடும்பம் சேர்ந்து லங்காவி, புக்கெட், மொரிஷியஸ், இலங்கை என்று கிளம்புவது சாதாரணமாகிவிட்டது. விமான டிக்கெட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் வாரக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். அங்கே வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டி விஷயம் மட்டும் "ஏழு பேர்தானே, ஒரு செவன் சீட்டர் போட்டுக்கலாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரியில் முடிந்துவிடும். பெரும்பாலான தொல்லைகளுக்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

செவன் சீட்டரில் ஏழு பேர் உட்காரலாம். ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் உட்கார முடியாது. நமக்குத் தெரிந்த எர்டிகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர். விமானத்தில் போடும் பெரிய சக்கரப் பெட்டி ஒன்றே கிட்டத்தட்ட நூறு லிட்டர் பிடிக்கும். ரெண்டு பெட்டி வைத்ததும் கதவு மூடாது. அதற்கு மேல் நம் ஆட்கள் குக்கர், பருப்புப் பொடி, முறுக்கு டப்பா, கச்சாயம் என்று ஒரு மூட்டை கொண்டு வருவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டில் மூன்றாவது நாள் அந்த மூட்டைதான் காப்பாற்றும். ஊரில் என்றால் மேலே கேரியரில் வைத்துக் கட்டிவிடுவோம். தீவுகளில் வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் பெரும்பாலும் கேரியரே இருக்காது. கடைசியில் அம்முச்சி மடியில் ஒரு பெட்டி, குழந்தையின் காலடியில் ஒரு பெட்டி என்று பயணம் போகும்.

அதனால் செவன் சீட்டர் என்றால் பெட்டியோடு ஐந்து பேர், ஐந்து சீட்டுக் கார் என்றால் பெட்டியோடு மூன்று பேர், சிக்கனமாகக் கட்டினால் நான்கு பேர் என்று கணக்குப் போடுங்கள். முன்பதிவு செய்யும் முன் குழுவில் எல்லோரிடமும் எத்தனை பெட்டி, என்ன அளவு என்று கேட்டுவிடுங்கள். ஆள் எண்ணிக்கையை விட அந்தப் பதில்தான் முக்கியம்.

"அப்படியானால் பன்னிரண்டு சீட்டு வேன் ஒன்று எடுத்து நாமே ஓட்டிக்கொள்ளலாமே" என்று மச்சான் யாராவது சொல்வார். அங்கே சட்டம் குறுக்கே நிற்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கும் இன்டர்நேஷனல் பர்மிட்டில், சாதாரண கார் ஓட்டும் பிரிவு என்பது ஓட்டுநரைத் தவிர எட்டு சீட்டு வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் வேறு பிரிவு. மீறி ஓட்டி எங்காவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். இன்னொன்று, ஊரில் டெம்போ டிராவலர் ஓட்டுவது டிராவல்ஸ்காரர். நாம் பின்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள். தெரியாத ஊரின் மலைச்சாலையில் நீளமான வண்டியைத் திருப்பிப் பழகுவது விடுமுறையில் செய்கிற வேலை இல்லை.

பத்துப் பேருக்கு ரெண்டு நடுத்தர வண்டிதான் என் தேர்வு. வாடகை கொஞ்சம் கூடலாம். ஆனால் குழந்தை தூங்கினால் ஒரு வண்டி ரூமுக்குத் திரும்பும், மற்றது கடற்கரையிலேயே நிற்கும். ஒன்று பஞ்சரானால் இன்னொன்று இருக்கிறது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பத்துப் பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அடுத்தது ஏற்றம். "நாங்கள் வால்பாறை நாற்பது கொண்டை ஊசியும் ஏறியவர்கள்" என்ற தைரியம் நம் ஊர்க்காரர்களுக்கு இயல்பு. நியாயமான தைரியம்தான். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கோ கல்லாறிலிருந்து குன்னூருக்கோ போகும் சாலைகள் பஸ்ஸும் லாரியும் ஏறுவதற்காக நீளமாகச் சுற்றிப் போடப்பட்டவை. லங்காவியின் மிக உயர்ந்த குனுங் ராயா 881 மீட்டர். மொரிஷியஸின் உச்சி 828 மீட்டர். வால்பாறை ஊரே இவற்றை விட உயரம். தீவுகளில் தொந்தரவு உயரத்தால் வருவதில்லை. கடற்கரையிலிருந்து குன்றின் மேல் இருக்கும் வில்லாவுக்கு நேராக ஏறும் சின்னச் சாலைதான் வண்டியைச் சோதிக்கும். சில இடங்களில் வீட்டு வாசலுக்குப் போகும் கான்கிரீட் பாதைதான் அந்தப் பயணத்திலேயே செங்குத்தானது. மழையில் பாசி பிடித்திருந்தால் டயர் சுற்றிக்கொண்டே நிற்கும்.

எனவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் தங்கும் வீட்டுக்காரரிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள்: வாசல் வரை சாதாரண கார் ஏறுமா, ரெண்டு வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? "தாராளமாக ஏறும்" என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் 4×4-க்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தார் போட்ட சாலைக்கு அது தேவையில்லை. மண்பாதை, ஈரக் கான்கிரீட் என்றால் மட்டும் யோசியுங்கள். ஆனால் 1.0 லிட்டர் எஞ்சின் போட்ட சின்னக் காரில் ஐந்து பெரியவர்களை ஏற்றி, ஏசியையும் போட்டு ஏறப் பார்க்காதீர்கள். மலேசியாவில் மலிவாகக் கிடைக்கும் பெரோடுவா ஆக்ஸியா அந்த ரகம். ரெண்டு பேருக்கு அருமையான வண்டி, குழுவுக்குச் சரிப்படாது. குறைந்தது 1.5 லிட்டர் பாருங்கள்.

ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் எனக்குப் பயம். தீவுகளில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். ஊரில் கியர் வண்டி ஓட்டுபவர் செகண்டில் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குவார். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது இங்கே எல்லா டிரைவரும் சொல்லும் பாடம். ஆட்டோமேட்டிக் கிடைத்ததும் D-யில் போட்டுவிட்டு, வழி முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் சூடேறி, கருகின வாசம் வந்து, மிதி உள்ளே போகத் தொடங்கும். சாவி வாங்கும்போதே, எஞ்சின் பிடிப்பில் இறங்க உதவும் L, 2, S அல்லது B என்ற நிலை எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று கேட்டு, சமதளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். இலங்கை, லங்காவி, புக்கெட், பாலி, மொரிஷியஸ், சீஷெல்ஸ் எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம். மொரிஷியஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரீயூனியன் வலப்பக்கம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவை அழைத்துப் போகும் அமெரிக்க வர்ஜின் தீவுகள் இன்னும் வேடிக்கை: ஸ்டீயரிங் இடப்பக்கம், சாலையில் ஓட்டுவதும் இடப்பக்கம். ஓட்டுநர் சாலை ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அங்கே எல்லோரும் ஆசைப்படும் ரெண்டு கதவு ஜீப் ராங்லரில் நான்கு சீட்டுதான், பெட்டி வைக்க இடமே இல்லை.

இலங்கை தனிக் கதை. அங்கே இன்டர்நேஷனல் பர்மிட் மட்டும் போதாது. அந்த நாட்டு அங்கீகாரமோ தற்காலிக உரிமமோ வாங்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்குக் கவுண்டர் இருக்கிறது. ஆனாலும் கண்டி, றம்பொடை, நுவரெலியா, கதிர்காமம் என்று சுற்றுவதாக இருந்தால் ஓட்டுநரோடு வேன் எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். அங்கே கேடிஎச் என்று சொன்னாலே டொயோட்டா ஹையேஸ் வேன்தான்; குழுவுக்குப் பழகிய வண்டி. ஓட்டுநரின் சாப்பாடு, தங்குமிடம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் என்ன ரேட் என்பதை எல்லாம் முன்பே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அங்கே மலைச்சாலைகளைப் பல இடங்களில் குலைத்துப் போட்டது. எந்தப் பாதை சரியாக இருக்கிறது என்று மேப்பை விட அந்த ஓட்டுநருக்கு நன்றாகத் தெரியும்.

வண்டியை ஒரு தீவில் எடுத்து அடுத்த தீவுக்குக் கொண்டு போகலாம் என்று தானாக முடிவு கட்டாதீர்கள். பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே தடை போட்டிருக்கும். சில இடங்களில் படகே ஆட்களை மட்டும்தான் ஏற்றும். சீஷெல்ஸில் மாஹேயிலிருந்து பிராலினுக்குப் போகும் வேகப் படகு அப்படித்தான். மாஹேயில் திருப்பிக் கொடுத்துவிட்டு பிராலினில் வேறு வண்டி எடுக்க வேண்டும். அங்கிருந்து லா டீக் தீவுக்குப் போனால் சைக்கிள்தான்.

அப்புறம் காகித வேலை. டெபாசிட் தொகையை ஓட்டுநர் பெயரில் இருக்கும் கிரெடிட் கார்டில்தான் நிறுத்தி வைப்பார்கள். மாமா கார்டு, மருமகன் லைசென்ஸ் என்றால் கவுண்டரிலேயே மறுத்துவிடுவார்கள். ரெண்டாவது ஓட்டுநர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். வயதுக்குக் கீழ்வரம்பும் சில இடங்களில் மேல்வரம்பும் உண்டு. பெரியப்பாதான் நன்றாக ஓட்டுவார் என்று நம்பிப் போகும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். "ஃபுல் இன்ஷூரன்ஸ்" என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் அதில் சேராது. மலைச்சாலையில் கல் தட்டி முதலில் அடிபடுவதோ இந்த மூன்றும்தான். மலேசியாவில் 2020 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், அதையும் முன்பதிவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை இருக்கை வைத்தால் பின்வரிசையில் மூன்று பேர் என்ற கணக்கும் மாறும்.

இரவு விமானத்தில் இறங்கி அப்போதே மலை ஏறாதீர்கள். முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டு, காலை வெளிச்சத்தில் வண்டியை எடுங்கள். கீறல், டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் அந்த வெளிச்சத்தில் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, கடை ஊழியர் முன்னாலேயே ஒரு சின்ன ஏற்றத்தில் ஏற்றி ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே வண்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.