எளிய வாசிப்பு நூல் தயாரிப்பது எப்படி?

வெளிநாட்டு மொழி கற்பவர்களுக்கான வாசிப்பு நூலில் கதையைத் தேடும் முன் சொல் எல்லையை முடிவு செய்யுங்கள். தொடக்க நிலைக்கு 300 முதல் 400 அடிப்படைச் சொற்கள் ('வந்தான்', 'வருவான்' எல்லாம் 'வா' என்ற ஒரே சொல்லாகக் கணக்கு), இடைநிலைக்கு 1000 முதல் 1400 வரை வைத்துக்கொள்ளலாம். கூடவே இலக்கண எல்லையும் வேண்டும்: எந்தெந்தக் காலங்கள், ஒரு வாக்கியத்தில் எத்தனை வினைகள் என்று எழுதி வையுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரிவதில்லை. 'வா' உங்கள் சொற்பட்டியலில் இருக்கிறது என்பதற்காக 'வந்திருக்கக்கூடும்' என்று தொடக்க நிலையில் எழுத முடியாது.

பழைய கதையைச் சுருக்குவதென்றால் உரிமையைப் பாருங்கள். மூலம் காப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியதாக இருந்தாலும், நீங்கள் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை இருக்கலாம்.

மூலத்தை வரி வரியாக எளிமைப்படுத்தாதீர்கள். நடை செத்துவிடும், கிளைக்கதைகளும் ஒட்டிக்கொண்டே வரும். கதையைப் பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சிகளாகக் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். நான்கைந்து பாத்திரங்கள் போதும். பெயர்கள் வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும். அந்நிய மொழியில் ஒரே சாயலுள்ள பெயர்கள் குழப்பும்.

துணையின்றிப் படிக்க, நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு ஆன்ட்வேர்டுபுரொஃபைலர் என்ற இலவச மென்பொருளில் பட்டியலையும் பிரதியையும் கொடுத்தால் எல்லை தாண்டிய சொற்கள் தெரிந்துவிடும். ஆட்பெயர், ஊர்ப்பெயர்களைத் தனிப்பட்டியலாகச் சேர்க்காவிட்டால் அவையும் தாண்டியவையாகவே காட்டும். மரபுத்தொடர்களை மட்டும் அது பிடிக்காது: இரண்டு எளிய சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தந்தாலும் 'தெரிந்தவை' என்றே விட்டுவிடும். அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் தேவைப்பட்டால், முதல் வருகையிலேயே படமோ சூழலோ பொருளைக் காட்டட்டும்; பிறகு பல பக்கங்களில் திரும்ப வரட்டும். ஒரே ஒருமுறை வரும் சொல்லை வெட்டிவிடுங்கள்.

அந்த நிலையில் உள்ள ஐந்தாறு பேரிடம் பிரதியைக் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் சொல் குற்றவாளியல்ல. 'அவன்' யாரைக் குறிக்கிறது என்பதோ, காலம் பின்னோக்கிப் போனதோதான் காரணமாக இருக்கும்.

எழுத்தளவு 12 முதல் 14 புள்ளி (பாயின்ட்), தாராளமான வரியிடைவெளி. வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். கற்பவர் அதை இரண்டு புதுச் சொற்களாக எண்ணுவார். முடிவைக் காட்டிக்கொடுக்கும் படத்தை முன்பக்கங்களில் வைக்க வேண்டாம். நடு மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் நூலுக்குப் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். நூலுடன் ஒலிப்பதிவும் தந்தால், அதில் சொற்களை இழுக்காமல், தொடர்களுக்கிடையே இடைவெளி விட்டு வேகத்தைக் குறையுங்கள். பின்னட்டையில் நிலையையும் அடிப்படைச் சொல் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்.