இறகு கொட்டினால் ஆச்சா? மோல்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சின்னதாக லேயர் ஷெட் (முட்டைக்கோழிக் கொட்டகை) போட்டிருப்பவர்களிடம் மோல்டிங், அதாவது களைத்த கோழியை முட்டை நிறுத்தி ஓய்வெடுக்க வைத்து மறுபடி முட்டைக்குத் திருப்புவது, எப்படிப் போகிறது என்று கேட்டால், தரையில் கிடக்கும் இறகைத்தான் காட்டுவார்கள். முதல் தவறே அதுதான். நமக்கு வேண்டியது இறகு கொட்டுவதல்ல; ஓராண்டுக்கு மேல் முட்டையிட்டுக் களைத்த சூலகமும் முட்டைக்குழாயும் சுருங்கி ஓய்வெடுப்பது. மூளையிலிருந்து வரும் தூண்டுதல் குறைந்து, சூலகத்தை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் இரண்டும் இறங்கி, பின்னாலேயே சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோனும் விழும்போது, வளர்ந்துகொண்டிருந்த மஞ்சள் கருக்களை உடம்பே உறிஞ்சிக்கொள்கிறது. இதைக் கொண்டை காட்டிக்கொடுத்துவிடும். அது சிவப்பாகவே இருந்து, நாளுக்கு நாலு முட்டையும் வந்தால், இறகு எவ்வளவு கிடந்தாலும் ஓய்வு முழுதாகவில்லை.

அடுத்தது விளக்கு. தீவனத்தை மாற்றுவார்கள், பல்பை மறந்துவிடுவார்கள். பகலை 8 மணி நேரமாகக் குறை என்று படித்துவிட்டு நம் ஊரில் செய்ய முடியாது, அது மூடிய ஷெட்டுக்கான கணக்கு. செட்டிநாட்டில் மார்கழியிலேயே பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். நம் திறந்த ஷெட்டில் செய்யக்கூடியது, முட்டைக்காக இதுவரை கொடுத்துவந்த 16 மணி நேர வெளிச்சத்தில் பல்பு தந்த பங்கை அணைப்பது மட்டும்தான். அந்தச் சரிவே கோழிக்குப் பெரிய சேதி.

பட்டினி போடுவதை இன்னும் சிலர் விடவில்லை. இந்திய விலங்கு நல வாரியம் 2011-லேயே நிறுத்தச் சொன்ன முறை அது. பாவம் என்பது ஒருபுறம்; பட்டினியில் எதிர்ப்பு சக்தி சரிந்து சால்மோனெல்லா எளிதாகத் தொற்றும், முட்டைக்குள்ளும் போகும். கோதுமைத் தவிடு மாதிரி சத்துக் குறைந்த தீனியைத் தாராளமாகக் கொடுத்தாலே முட்டை நிற்கும், கொஞ்சம் மெதுவாக. எடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, சில கோழிகளின் காலில் கலர் கயிறு கட்டி அவற்றையே வாராவாரம் எடை போடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். கத்திரி வெயிலில் மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், ஓய்வு முடிந்து கோழியைத் திரும்ப முட்டைக்கு ஏற்றும்போது வெறும் மக்காச்சோளமும் குருணையும் போடுவது. இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம்; புரதத்தின் கூறான மெத்தியோனின் இல்லாமல் எதை வைத்து முளைக்கும்? இறகு மூடிய பிறகு விளக்கை ஏற்றுங்கள். ஈஸ்ட்ரஜன் ஏறினால்தான் எலும்புக்குள் கால்சியம் சேமிப்பு மறுபடி கட்டும், அந்த நேரத்தில் தொட்டியில் கிளிஞ்சல் இருக்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போகிறது.

ஓய்வுக்குப் பின் வரும் இரண்டாம் முட்டைச் சுற்றின் உச்சம் முதல் சுற்றை எட்டாது. கழிவுக்கோழி (முட்டை முடிந்து கறிக்கு விற்கும் கோழி) விலை ஏறியிருக்கும் மாதமென்றால், மோல்டிங்கா விற்பதா என்று முடிவெடுக்க முதலில் தீவனச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.