தொடை எலும்பின் அடிமுனை: பக்கம் கண்டுபிடிப்பதும் தடவிப் படிப்பதும்

எலும்பைக் கையில் எடுத்ததும் முன்பின் பாருங்கள். அடிமுனையில் உருண்டு புடைத்திருக்கும் இரண்டு கான்டைல்களுக்கும் நடுவே விரல் புதையும் ஆழமான பள்ளம் இருப்பது பின்புறம். முழங்கால் சில்லு வழுக்கி ஓடும் வழவழப்பான வாய்க்கால் இருப்பது முன்புறம்.

அந்த வாய்க்காலின் இரு கரைகளையும் கட்டைவிரலால் தடவினால் ஒன்று எடுப்பாக நிற்கும். அதுதான் வெளிப்பக்கம். தொடையின் முன்தசை சுருங்கும்போது சில்லை மேலே மட்டுமல்ல, சற்று வெளியேயும் இழுக்கிறது. சில்லு நழுவாமல் தடுப்பது இந்த உயர்ந்த கரை. பிறவியிலேயே அது தாழ்ந்திருந்தால் சில்லு வெளிப்பக்கமாக விலகுவது சுலபம். முன்புறம் நீங்கள் பார்க்கும் அதே திசையைப் பார்க்கும்படி எலும்பைப் பிடியுங்கள். உயர்ந்த கரை வலக்கைப் பக்கம் வந்தால் அது வலது கால் எலும்பு.

பலர் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். எலும்பின் நீண்ட தண்டுப் பகுதியைச் செங்குத்தாகப் பிடித்தால் உள் கான்டைல் கீழே இறங்கித் தெரியும். எலும்பே கோணல் என்று தோன்றும். கோணல் இல்லை, பிடித்த விதம்தான் தவறு. இரண்டு கான்டைல்களும் மேசையில் சமமாகப் படியும்படி நிறுத்துங்கள். தண்டு மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும். உடம்பில் அது நிற்பதும் அப்படித்தான்.

பள்ளத்துக்குள் முன் சிலுவை லிகமென்ட் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்) ஒட்டுவது வெளிச் சுவரின் பின்பகுதியில். பின் சிலுவை லிகமென்ட் உட்சுவரின் முன்பகுதியில். முன், பின் என்ற பெயர் முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பில் அவை ஒட்டும் இடத்தைப் பொறுத்தது. இதை மறந்தால் இரண்டும் தலைகீழாகிவிடும்.

உங்கள் காலிலேயே ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடையின் உட்புறம் விரலைக் கீழ்நோக்கி இழுங்கள். கயிறு போன்ற தசைநாண் ஒன்று தட்டுப்படும். அது முடியும் சின்ன முடிச்சுதான் அடக்டர் டியூபர்கிள். எலும்பு வளரும் கோடு அந்த மட்டத்தில்தான் போகிறது.

கான்டைல்களுக்குச் சற்று மேலே, பின்புறம் தட்டையான முக்கோணப் பரப்பு இருக்கிறது. முழங்கால் மடிப்பின் தமனி அதை ஒட்டியே ஓடுகிறது. அங்கே எலும்பு முறிந்தால் கெண்டைக்கால் தசை கீழ்த்துண்டைப் பின்னோக்கி இழுக்கும். அதன் முனை தமனியைக் குத்தலாம். ஆகவே இந்த முறிவில் சிம்பு கட்டுவதற்கு முன்னும் பின்னும் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும்.