ஹைப்ரிடா, பெட்ரோலா? ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க

சொகுசு கிராஸ்ஓவர் (எஸ்யூவி போல உயரமாக, கார் போல ஓடுகிற வண்டி) வாங்க வேலூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருவதில் பயனில்லை. வண்டியை வேலூருக்கே கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது), வெறும் பெட்ரோல் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள்.

முதலில் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு, அதுவும் சாயங்கால நெரிசலில். ஹைப்ரிட் ஜெயிக்கிற இடம் இதுதான். ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் மின் மோட்டாரே இழுக்கும். பிரேக் பிடித்தால் வீணாகிற சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். ஏசியை முழுசாக வைத்து (நம்ம ஊர் வெயிலுக்குக் குறைத்து வைத்தால் யார் உட்காருவது?) கொஞ்ச நேரம் நில்லுங்கள். பேட்டரி இறங்கியதும் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிகிறதா பாருங்கள். சில ஹைப்ரிட்களில், வண்டி நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் பிரேக் வெடுக்கென்று பிடிக்கும்.

அப்புறம் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலை. லாரியை முந்த ஆழமாக மிதித்தால், கியர் படிகள் இல்லாத ஹைப்ரிட்டில் சத்தம் முன்னே ஓடும், வேகம் பின்னே வரும். மிக்ஸியில் சட்னி அரைக்கிற மாதிரி. டர்போ பெட்ரோல் கியரை இறக்கிப் பாயும். ஒரே சீரான வேகத்தில் மைலேஜ் வித்தியாசமும் சுருங்கிவிடும். தினமும் காட்பாடி போய்வருகிறவருக்கு ஹைப்ரிட், வாராவாரம் பெங்களூர் ஓடுகிறவருக்குப் பெட்ரோல் என்பது என் கணக்கு.

திரும்பியதும் டிக்கியைத் திறந்து பாருங்கள். சில ஹைப்ரிட்களில் ஸ்டெப்னி இருக்காது, பஞ்சர் கிட் மட்டும்தான்.