கத்தாழை மடல் வெட்டுப்பட்டா கட்டுப் போடாதேங்கோ

மல்லாவியில எங்கட வளவுக்குள்ள ஆடு பூந்து கத்தாழைய மிதிச்சா அம்மா ஓடிப்போய் முறிஞ்ச மடலை சீலைத்துண்டால சுத்திக் கட்டி ரெண்டு செம்பு தண்ணியும் ஊத்துவா. நாலு நாள்ல கட்டின இடம் அழுகி மணக்கும். காயத்தால இல்ல, அந்த ஈரத்தால.

சதை இலைச் செடியள் முதல்ல காயத்தை மூடும், பிறகுதான் ஆத்தும், ரெண்டும் வேற வேற வேலை. தென்னாபிரிக்காவில டெலோஸ்பெர்மா கூப்பெரி எண்டு நிலத்தில படர்ற பூச்செடி ஒண்டு இருக்கு, ஜெர்மனியில பிரைபேர்க் பல்கலைக்கழக ஆக்கள் அதின்ர இலையை வெட்டிப் பாத்தவை, ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள்ள முழு இலையும் வளைஞ்சோ சுருங்கியோ வெட்டுவாய் ஒண்டோட ஒண்டு முட்டிடும். உள்சதை தண்ணி குடிச்சு உப்பித் தள்ளிக்கொண்டு நிக்கும், வெளித்தோல் இழுபட்டு நிக்கும், வெட்டினவுடன அந்த இழுபறி குழம்பி திரும்ப சமநிலைக்கு வாற வரைக்கும் இலை அசையுது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நாள்கணக்கா எடுத்து காயத்தோரக் கலங்கள் தக்கை மாதிரி ஒரு படையைக் கட்டும். பழைய பச்சைத்தோல் திரும்ப வராது, மண்ணிறத் தழும்பு அப்பிடியே கிடக்கும், அதைப் பாத்து நோய் எண்டு பயந்து மருந்தடிக்காதேங்கோ. வேலிக் கள்ளி வேற மாதிரி, பால் வந்து உறைஞ்சு அடைக்கும் (கண்ணில மட்டும் பட விடாதேங்கோ, பொல்லாதது).

சரி, செய்ய வேண்டியது. நசிஞ்ச சதை ஆறாது, அதால ஸ்பிரிட்டால துடைச்ச கூரான கத்தியால நல்ல சதை தெரியுற வரைக்கும் ஒரே வெட்டா வெட்டி விடுங்கோ. கச்சான் (தென்மேற்கால வாற வறண்ட காத்து) வீசுற மாசங்களில வேற ஒண்டும் தேவையில்ல, நிழல்ல வச்சு ஒரு கிழமை தண்ணி காட்டாம விட்டா காத்தே காய வைச்சிடும். மாரிதான் கரைச்சல், ஐப்பசி கார்த்திகையில வெட்டுவாய் காயவே காயாது, சாடி எண்டா விறாந்தைக்கு தூக்குங்கோ, நிலத்தில நிண்டா மேல ஒரு துண்டு தறப்பாள், ஆனா செடியில முட்டாம காத்துப் போற மாதிரி. மஞ்சளை குழைச்சுப் பூசுற ஆக்களும் இருக்கினம், எனக்கு அதில நம்பிக்கையில்ல, குழைச்சா அதுவும் ஈரம்தானே. நகத்தால தொட்டுப் பாருங்கோ, காய்ஞ்சு இறுகி இருந்தா மூடிட்டுது, கொளகொளவெண்டு இருந்தா இன்னும் கொஞ்சம் உள்ளுக்க தள்ளி வெட்டுங்கோ.

இலையில இருந்து கண்டு எடுக்கிறதுக்கும் இதே கதைதான், ரணகள்ளி இலையை சுளகில ரெண்டு மூண்டு நாள் பரவி வெட்டுவாய் காய்ஞ்ச பிறகு மணல் கலந்த மண்ணுக்கு மேல சும்மா வையுங்கோ, ஓரத்துப் பள்ளங்களில குட்டி வரும். கத்தாழை மடலை எவ்வளவு காய வைச்சு நட்டாலும் முளைக்கிறேல்ல, அடியில வாற குட்டியைத்தான் பிரிச்சு நடோணும். தலைக்கு வைக்க அரை மடல் வெட்டினா மிச்சத்தை செடியிலயே விடலாம், நுனி தானா காய்ஞ்சு மூடிடும், அடுத்தமுறை அந்தக் காய்ஞ்ச ரெண்டு விரல் அளவை வெட்டி எறிஞ்சிட்டு எடுங்கோ.