கோவர்ட்: மறைந்திருப்பது பொருளா, செயலா, ஆளா?

வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று எந்தத் தேர்வின் ஆங்கிலத் தாளை எடுத்தாலும் ‘கோவர்ட்’ என்ற சொல் எங்காவது தலைகாட்டும். அதே பொருள் தரும் சொல் கேட்டால் ‘சீக்ரெட்’, எதிர்ச்சொல் கேட்டால் ‘ஓவர்ட்’. விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். மதிப்பெண்ணும் வந்துவிடும்.

ஆனால் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் கடலூர் டியூஷன் வகுப்பில் பலரும் எழுதுவது இதுதான்: “ஹி கெப்ட் த கீ இன் எ கோவர்ட் பிளேஸ்.” சாவியை மறைவான இடத்தில் வைத்தானாம். தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலக் காதுக்கு மட்டும் இடிக்கும். அகராதி ‘மறைவான’ என்று ஒரே வார்த்தையில் பொருள் சொல்லிவிட்டதால் வந்த வினை. எந்த மாதிரி மறைவு என்று அது சொல்லவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படி 1: எழுத்தும் உச்சரிப்பும்

சி, ஓ, வி, இ, ஆர், டி. மொத்தம் ஆறு எழுத்து. அமெரிக்கர்கள் ‘கோ-வர்ட்’ என்பார்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘கவட்’. இரண்டும் சரிதான், ஆனால் நம் வாயில் இரண்டாவது வந்தால் கோழை என்ற பொருள் தரும் ‘கவ்வர்ட்’ மாதிரி கேட்கும். கோ-வர்ட் என்றே பழகிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் குழப்ப இரண்டு பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நடுவில் ஒரு ‘என்’ சேர்ந்தால் ‘கன்வர்ட்’, அதாவது மாற்று. ‘ஆர்’ விழுந்துவிட்டால் ‘கவெட்’, பிறர் பொருளுக்கு ஆசைப்படு. தேர்வுத் தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இரண்டையும் விடைகளுக்கு நடுவே சொருகுவதில் தனி ஆனந்தம்.

இனி ஒரு வசதி. முதல் எழுத்தான ‘சி’யை எடுத்துப் பாருங்கள்: ‘ஓவர்ட்’. வெளிப்படையான என்று பொருள். எதிர்ச்சொல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேளுங்கள்: ‘கூவேர்’ என்றால் மூடிய, ‘ஊவேர்’ என்றால் திறந்த. கடைக் கதவில் ஊவேர் என்று பலகை தொங்கினால் உள்ளே போகலாம். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்காக எடுத்து வைக்கும் கரண்டி, முள்கரண்டி, கத்திக்கும் கூவேர் என்றே பெயர். அதற்கும் ரகசியத்துக்கும் இன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

போகிற போக்கில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: எ கோவர்ட், ஆனால் ஆன் ஓவர்ட். ஒப்பிட வேண்டுமானால் ‘மோர் கோவர்ட்’. வினையை விவரிக்க ‘கோவர்ட்லி’.

படி 2: கவரை நினைத்துக்கொள்ளுங்கள்

பிளாஸ்டிக் கவர், தபால் கவர் என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிறோமே, அந்தக் கவரும் இதே குடும்பம்தான். ‘கவர் கொடுத்துட்டார்’ என்று யாராவது சொன்னால் நமக்கு விளக்கம் தேவையில்லை. கவர் எல்லார் கண்ணெதிரேயே கை மாறியிருக்கலாம். கொடுத்தவர் சிரித்திருப்பார், வாங்கியவர் மேசை டிராயரை இழுத்திருப்பார். கவரை யாரும் ஒளிக்கவில்லை. எதற்காக, யார் சார்பில் என்பதுதான் மூடிக் கிடக்கிறது. கோவர்ட் என்ற சொல் நிற்கும் இடம் அதுதான். பெரும்பாலும் ஒரு செயல், ஒரு நோக்கம், ஓர் உதவி, ஓர் உணர்ச்சி இவற்றோடு சேர்ந்து வரும். சாவி, பணம், நகை, பாட்டில் போன்ற பொருள்களோடு ஒட்டாது.

படி 3: ஆல்பேட்டையில் நின்று பார்ப்போம்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடி வரும். புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு என்பதால் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் சரியான ஆங்கிலச் சொல்லைப் பொருத்துவோம். இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மீதியெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

பைக் சீட்டைத் தூக்கினால் அடியில் துணி சுற்றிய பாட்டில்கள். இவை ‘ஹிட்டன்’ அல்லது ‘கன்சீல்டு’. இரண்டாவது, வேண்டுமென்றே மறைத்ததை அழுத்திச் சொல்லும்.

வண்டி ஓட்டுபவர் காவலரை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்புகிறார். அந்தத் திருட்டு முழி ‘ஃபர்டிவ்’. குற்ற உணர்வும் பயமும் கலந்தது. கோவர்ட் கிளான்ஸ் என்றும் சொல்வதுண்டு, ஆனால் அது பதற்றமில்லாத ஓரக்கண் பார்வை. மாமியார் வீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது அந்த ரகம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர் காவலர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கையிலிருந்த பையை அலுங்காமல் நழுவவிடுகிறார். அது ‘சர்ரெப்டிஷஸ்’. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே அவர் கவனிக்காதபடி சின்னதாக ஒன்றைச் செய்வது.

சாவடியில் மஃப்டியில் ஒரு காவலர் நிற்கிறார். அவர் ‘பிளெயின் க்ளோத்ஸ்’. சீருடை இல்லை, அவ்வளவுதான். கேட்டால் போலீஸ் என்று சொல்லிவிடுவார். அதுவே ஒரு காவலர் வாடிக்கையாளர் வேஷம் போட்டு, வேறு பெயரில் கும்பலோடு பல வாரம் பழகினால் ‘அண்டர்கவர்’. மஃப்டிக்கெல்லாம் அண்டர்கவர் என்று எழுதுவது மிகை.

சாவடியே வேண்டாம் என்று நள்ளிரவில் தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் இறங்கி, ஒரு ஈ காக்கைக்கும் தெரியாமல் சரக்கைக் கடத்தினால் அந்தப் பயணம் ‘க்ளேண்டெஸ்டின்’. சட்டவிரோத வாடை இந்தச் சொல்லில் தூக்கலாகவே இருக்கும். பிரெஞ்சிலும் அப்படித்தான்: கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வருபவனை ‘க்ளேண்டெஸ்டின் பயணி’ என்கிறது அந்த மொழி.

சரி, கோவர்ட் எங்கே? இந்த வேலைக்கெல்லாம் பணம் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியில் கோயில் கும்பாபிஷேகத்தில் முன்வரிசையில் நிற்கிறாரே ஒருவர், அவருடைய ஆதரவுதான் கோவர்ட் சப்போர்ட். அவர் பாட்டிலைத் தொட்டதே இல்லை. அவர் எங்கும் ஒளியவில்லை. அவருக்கும் இதற்கும் உள்ள தொடர்புதான் ஒளிந்திருக்கிறது.

படி 4: கோவர்ட், க்ளேண்டெஸ்டின் – இரட்டையரைப் பிரிப்பது

நாளிதழ்களில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். சாதாரண எழுத்தில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் அமெரிக்க ராணுவ அகராதியில் இரண்டுக்கும் தெளிவான கோடு உண்டு. நடவடிக்கை நடப்பதே வெளியில் தெரியக்கூடாது என்றால் க்ளேண்டெஸ்டின். நடவடிக்கை தெரிந்தாலும் பரவாயில்லை, நடத்தியவர் யார் என்று தெரியக்கூடாது என்றால் கோவர்ட். 1991-ல் வந்த அமெரிக்கச் சட்டமும் ‘கோவர்ட் ஆக்‌ஷன்’ என்பதற்கு இதே அடிப்படையில்தான் விளக்கம் தருகிறது: அரசின் பங்கு வெளியே தெரியாமலும் ஒப்புக்கொள்ளப்படாமலும் இருக்க வேண்டும்.

1953-ல் ஈரானில் பிரதமர் மொசாதெக்கின் ஆட்சி கவிழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். டெஹ்ரான் தெருவில் கூட்டம், ராணுவ டாங்கி எல்லாம் ஊரறிய நடந்தது. பின்னால் இருந்தவை அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும். தன் பங்கைக் காட்டும் ஆவணங்களை சி.ஐ.ஏ. வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வெளியிட்டது 2013-ல். கோவர்ட் ஆபரேஷன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? புதுச்சேரி வரலாறு முழுக்க இதுதான். 1910-ல் அரவிந்தர் கல்கத்தாவில் வேறு பெயரில் ‘டூப்ளே’ என்ற கப்பலில் ஏறி ஏப்ரல் 4-ம் தேதி இங்கே வந்திறங்கினார். பிரிட்டிஷ் போலீஸுக்குப் பயணமே தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. க்ளேண்டெஸ்டின். அதே ஆண்டு வ.வே.சு. ஐயர் ஐரோப்பாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். அதுவும் க்ளேண்டெஸ்டின்தான்.

பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் 1908 முதல் புதுச்சேரியில் அச்சானது. பிரெஞ்சு மண்ணில் பகிரங்கமாக வெளிவந்ததால் அது ஓவர்ட். பிரிட்டிஷ் அரசு தன் எல்லைக்குள் அதை விடாமல் தடுத்தது, 1910-ல் இதழ் நின்றது. அந்தத் தடைக்குப் பிறகும் யாராவது ஒரு பிரதியை மடியில் கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்திருந்தால், பிரதி ஹிட்டன், பயணம் க்ளேண்டெஸ்டின். புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களைப் பிரிட்டிஷ் அரசு ஒற்றர்களை வைத்துக் கண்காணித்தது கோவர்ட் சர்வேலன்ஸ். 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூர் அருகே கைதாகி, கடலூர் சிறையில் இருந்து டிசம்பரில் விடுதலையானார். அந்தப் புறப்பாட்டில் ஒளிவுமறைவு இல்லை, அதற்கு மேலே சொன்ன ஒரு சொல்லும் பொருந்தாது.

படி 5: எதோடு சேர்த்து எழுதுவது

தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஜோடியாகப் பழகுவது நல்லது. தமிழில் சொல்லும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு சொல் வரும் என்பதைக் கவனியுங்கள். கோவர்ட் ஆபரேஷன், ரகசிய நடவடிக்கை. கோவர்ட் சப்போர்ட், மறைமுக ஆதரவு. கோவர்ட் ரெக்கார்டிங், தெரியாமல் எடுத்த பதிவு. கோவர்ட் ஹாஸ்டிலிட்டி, உள்ளுக்குள் வைத்திருக்கும் பகை. எல்லாவற்றுக்கும் ‘மறைவான’ என்று போட்டால் மொழிபெயர்ப்பு நாறும்.

இவற்றில் ‘கோவர்ட் டிஸ்கிரிமினேஷன்’ என்ற ஜோடியை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், செய்திகளில் நிறைய வரும். வாடகைக்கு வீடு தேடிப் போகிறீர்கள். “இன்ன சாதிக்கு வீடு இல்லை” என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் ஓவர்ட். வாசலில் அப்படியெல்லாம் எழுதியிருக்காது. வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “சொந்த ஊர் எது தம்பி? ஊர்ல எந்தத் தெரு? வீட்ல சைவம்தானே?” என்று அன்பாக விசாரிப்பார். மறுநாள் போன் செய்தால், “நேத்து ராத்திரியே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாருப்பா.” அது கோவர்ட். கேட்ட கேள்வி எதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது, அதுதான் அதன் சாமர்த்தியம். என்னைக் கேட்டால் ஓவர்ட்டை எதிர்த்துச் சண்டையாவது போடலாம்.

சேராத ஜோடிகள்: கோவர்ட் பிளேஸ், கோவர்ட் மணி, கோவர்ட் டேலன்ட். முதல் இரண்டுக்கும் ஹிட்டன் போதும். திறமை யாரும் மறைத்து வைத்ததில்லை, தானாக உள்ளே உறங்குவது. அதற்கு ‘லேட்டன்ட்’ அல்லது ஹிட்டன். ‘உள்நோக்கம்’ என்று எழுத வேண்டுமா? அதற்கு ‘அல்டீரியர் மோட்டிவ்’ என்று தயாராகவே ஒரு ஜோடி இருக்கிறது.

படி 6: பெயர்ச்சொல்லாக வரும்போது

இது தேர்வுக்கு அவ்வளவு தேவைப்படாது, சுவாரஸ்யத்துக்காகச் சொல்கிறேன். கோவர்ட் பெயர்ச்சொல்லாகவும் வரும். வேட்டை விலங்குகள் ஒளியும் புதர்க்காடு ஒரு பொருள். பறவையின் பெரிய இறகுகளின் அடிப்பகுதியை மூடியிருக்கும் சின்ன இறகுகள் இன்னொன்று. புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரியில் பறவை பார்க்க பைனாகுலரோடு நிற்பவர்கள் ‘விங் கவட்ஸ்’ என்று பேசிக்கொண்டால் உளவு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மயில் விரிக்கும் தோகை இருக்கிறதே, அது வால் இல்லை. வாலுக்கு மேலே இருக்கும் இந்த மூடிறகுகள்தான் அப்படி நீண்டு வளர்ந்திருக்கின்றன. உண்மையான வால் பின்னால் நின்று அவற்றைத் தாங்குகிறது.

படி 7: கை வைத்துப் பாருங்கள்

நான்கு வாக்கியம் தருகிறேன். கோடிட்ட இடத்தில் எது வரும் என்று யோசித்துவிட்டுக் கீழே பாருங்கள்.

அ. பாட்டி சில்லறையை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பது ____ மணி.

ஆ. கூட்டணிக்கு ஆதரவாக மேடையில் பேசிவிட்டு, உள்ளே எதிர்க்கட்சி வேட்பாளருக்குச் செலவு செய்வது ____ சப்போர்ட்.

இ. வகுப்பில் மேசைக்கு அடியில் போனைத் தட்டிக்கொண்டே ஆசிரியரைப் பார்த்துத் தலையாட்டுவது ____ டெக்ஸ்டிங்.

ஈ. ராஜா தியேட்டர் சிக்னலில் நடுரோட்டில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது ____ ஹாஸ்டிலிட்டி.

விடை: அ-வுக்கு ஹிட்டன். ஆ-வுக்கு கோவர்ட், ஏனென்றால் செலவு ஊருக்குத் தெரியும், செய்தவர் பெயர்தான் தெரியாது. இ-க்கு சர்ரெப்டிஷஸ். அங்கே கோவர்ட் போட்டாலும் தப்பில்லை, ஆனால் ஒரு பையன் போனைத் தட்டுவதற்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. ஈ-க்கு ஓவர்ட். அதற்கு முன்னால் ‘எ’ போட்டவர்கள் முதல் படியை இன்னொரு தடவை பார்க்கவும்.