கிராமத்தில் வீடு வாங்க அரசு மானியக் கடன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மாவட்டத்தில் வீட்டுக்கடனுக்கு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. முதல் வீடு வாங்க வருகிறவர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடத்தில் இன்றும் சறுக்குகிறார்கள். ஆதார், சம்பளச் சீட்டு, சிபில் ஸ்கோர் எல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மானியத்தை நம்பி முன்பணம் கொடுப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். "மத்திய அரசு மானியம் 1.80 லட்சம் இருக்கு, நீங்க அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்று புரோக்கர் சொல்வார். மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தம் எழுதிவிடுவார்கள். அப்புறம்தான் வங்கிப் படி ஏறுவார்கள்.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் ஊராட்சி. கணவர் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தார்கள். அந்த 1.80 லட்சம், 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பிரதமர் வீட்டு வசதி நகர்ப்புறத் திட்டம் 2.0-இன் வட்டி மானியம். இவர்கள் பார்த்த வீடோ அந்தத் திட்ட எல்லைக்கு வெளியே. கெடு முடிந்தது, விற்றவர் பணத்தைத் திருப்பவில்லை. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நகை தப்பியிருக்கும். அந்த ஒரு வரியை எழுதச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

சரி, கிராமத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். பிரதமர் திட்டத்தின் கிராமப் பிரிவு சமவெளியில் 1.20 லட்சம் தருகிறது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் 3.50 லட்சம் தருகிறது. முதலாவது, வீடில்லாதவர்களும் மண்சுவர், ஓலைக் கூரை போன்ற கச்சா வீட்டில் இருப்பவர்களும் புது வீடு கட்டிக்கொள்ள. இரண்டாவது, குடிசையில் இருப்பவர்கள் 360 சதுர அடியில் வீடு கட்டிக்கொள்ள. கட்டி முடித்த வீட்டை இன்னொருவரிடம் விலைக்கு வாங்க இரண்டிலும் ஒரு ரூபாய் கிடையாது.

நகர எல்லையை ஒட்டிய ஊராட்சியாக இருந்தால், அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று விசாரியுங்கள். வந்தால் நகர்ப்புறத் திட்டத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசலாம்.

நகர்ப்புறத் திட்டத்தில் தகுதி இருந்தாலும் அந்த 1.80 லட்சம் பத்திரப் பதிவு நாளில் கைக்கு வராது. ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் வேறெங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. மானியம் கணக்கிடுவது கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 4 சதவீத வீதத்தில்.

ஆக, கையில் எவ்வளவு வேண்டும்? 20 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம், அதாவது 18 லட்சம். மீதி 2 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 1.80 லட்சம். விலை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட விதி இடம் தராது. மொத்தம் 3.80 லட்சம் சொந்தப் பணம். மானியத்தை இதில் கழித்துப் பார்ப்பவர்கள்தான் கடைசி வாரம் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள்.

சீட்டுப் பணத்தில் கடனை வேகமாக அடைப்பது

நல்ல பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு மானியத் தவணை வரும்போதும் கடன் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே முக்கால்வாசி அடைத்தால் மீதித் தவணை போய்விடும். வட்டியில் மிச்சமாவது எவ்வளவு, இழக்கும் மானியம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவது

வங்கி பார்ப்பது பத்திரத்தில் இருக்கும் விலையை. 20 லட்சம் கொடுத்து 12 லட்சம் என்று எழுதினால் கடனும் அந்தப் பன்னிரண்டுக்குத்தான்.

கூட்டுப் பட்டா

பலர் பெயரில் ஒரே பட்டா இருந்தால், நிலத்தை அளந்து பிரிக்கும் உட்பிரிவு முடிந்து, விற்பவர் பெயரில் தனிப்பட்டா வரும்வரை காத்திருங்கள்.

அங்கீகாரமில்லாத மனை

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பைக் கூறு போட்டு விற்கும் இடங்களில், மனைக்கு அங்கீகாரம் உண்டா என்று துருவிக் கேளுங்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கானவை. "பின்னாடி அப்ரூவல் வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால், வரன்முறை உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அந்த நகலையும் வில்லங்கச் சான்றையும் வங்கியின் வழக்கறிஞரிடம் கொடுத்து, அவர் சரி என்று சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள்.